சன்னலோர மரத்தின் மேல் வந்த கோபம்

வாசகர் கேள்வி: நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என் மேசைக்கு நேரே சன்னல், சன்னலுக்கு நேரே ஒரு பெரிய மரம். கணினி உறைந்து நிற்கும்போதும், கடவுச்சொல் மூன்றாம் முறையும் தவறு என்று வரும்போதும், வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரே இசையைக் கேட்டபடி அரைமணி நேரம் காத்திருக்கும்போதும் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனம் சற்று ஆறும். ஆனால் போன வாரம் ஒரே நாளில் எல்லாம் சேர்ந்துகொண்டது. விடியுமுன்னே பறவைகள் எழுப்பிவிட்டன. காரின் மேல் மரப்பிசின் படிந்து கண்ணாடி மங்கியிருந்தது. மழைநீர்க் குழாயைச் சருகு அடைத்துக்கொண்டது. முக்கியமான காணொளிக் கூட்டத்தின் நடுவில் இணையம் போய்விட்டது. இணைப்புக் கேபிளை அந்த மரத்தில்தான் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், காற்றடித்தால் மரத்தோடு அதுவும் ஆடும். மரம் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பொதுவானது. பக்கத்து வீட்டுக்காரர், "வெட்டிவிடலாம், இல்லாவிட்டால் உச்சியையாவது கழித்துவிடலாம்" என்றார். அந்தக் கோபத்தில் நானும் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மனம் கேட்கவில்லை. மரத்தை வெட்டலாமா? அதைப் பார்த்தால் மனம் ஆறுகிறது என்பது உண்மையா, என் கற்பனையா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் இரண்டு கேள்விகளுக்காக. இரண்டாம் முறை நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற அந்தக் கம்பிக்காக. மரத்தை இப்போது வெட்ட வேண்டாம், உச்சியை எப்போதுமே கழிக்க வேண்டாம், மனம் ஆறுவது கற்பனை இல்லை என்பதே சுருக்கமான பதில். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டதாகச் சொல்லி, ஓராண்டு தவணை கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் மரத்தின் மேல் நிற்கும் குற்றம் மிகக் குறைவு என்பது தெரியும். ஆனால் கம்பியைப் பற்றி நான் முதலில் பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்த முழுக் கதையிலும் உண்மையில் ஆபத்தில் இருப்பது மரம்தான்.

மரம் உயர்வது கிளை நுனிகளில் மட்டுமே. அடிமரம் உயர்வதில்லை, பருக்கவே செய்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் தோள் உயரத்தில் அடித்த ஆணி இன்றும் அதே உயரத்தில்தான் இருக்கும். பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்னும் மெல்லிய படலம் ஒன்று அடிமரத்தைச் சுற்றி உறைபோல் இருக்கிறது. அது உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் ஃபுளோயம் என்னும் திசுவையும் இடைவிடாது உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. இலைகள் சமைக்கும் சர்க்கரை, இந்த ஃபுளோயம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அடிமரம் ஆண்டுதோறும் பருக்க, கட்டிய கம்பி மட்டும் அதே சுற்றளவில் நின்றால் என்ன ஆகும்? முதலில் பட்டையை அழுத்தும், பிறகு ஃபுளோயத்தை நெரிக்கும். மேலிருந்து வரும் உணவு கம்பிக்கு மேலேயே தேங்குவதால் அந்த இடம் தடித்துப் புடைக்கும், கீழ்ப்பகுதி மெலிந்து நிற்கும், வேர் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். வேரில் சேமித்து வைத்த மாவுச்சத்து இருக்கும் வரையில் மேலே இலைகள் பசுமையாகவே இருப்பதால், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் பார்த்த மரம் ஒன்றில் துணி காயப்போடுவதற்காகக் கட்டிய கம்பியை முதலில் என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டு முனைகள் மட்டும் பட்டைக்குள்ளிருந்து துருவேறி நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த கம்பியை மரம் இரண்டு உதடுகளால் கவ்வியதைப் போல விழுங்கியிருந்தது. விரலை வைத்துத் தடவினால் மேலே இருந்த புடைப்பு என் மணிக்கட்டின் தடிமன் இருந்தது. அந்த வீட்டார் மரம் ஏன் இளைக்கிறது என்று கேட்டு மூன்று ஆண்டுகளாக உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நாளைக் காலையில் முதல் வேலையாக அந்தக் கம்பி கட்டியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டைக்கும் கம்பிக்கும் இடையில் விரல் நுழைந்தால் காலம் கடந்துவிடவில்லை. இணைப்பு தருகிற நிறுவனத்தை அழைத்து, கேபிளை மரத்திலிருந்து அவிழ்த்துத் தனிக் கம்பத்திலோ சுவரிலோ கட்டித் தரச் சொல்லுங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தால், அதை இழுத்து எடுக்கவோ உளியால் தோண்டவோ கூடாது. தோண்டும் காயம் நெரிப்பைவிடப் பெரிதாகிவிடும். வெளியே தெரிகிற பகுதிகளில் எல்லாம் வெட்டிவிட்டு, சுற்று அறுபட்டதை உறுதி செய்துகொண்டு, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். புதைந்த துண்டைச் சுற்றி மரம் வளர்ந்துகொள்ளும். சுற்று முழுமையாக இருப்பதுதான் அதைக் கொல்லும். பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் நீங்களே ஏணி வைத்து ஏற வேண்டாம்.

இணையம் அறுபட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மரம் காற்றில் ஆடுவதற்காகவே அமைந்தது. அந்த ஆட்டம்தான் அடிமரத்தையும் வேரையும் உறுதிப்படுத்துகிறது. ஆடக் கூடாத ஒரு பொருளை ஆடும் பொருளோடு கட்டினால், இணைப்பு முனைகள் தளர்ந்துபோவதில் வியப்பில்லை. வானலை வழியாக வரும் இணைப்பாக இருந்தால் இலைகளையும் குறை சொல்ல வேண்டியிருக்கும்; நீர் நிறைந்த இலைகள், அதிலும் மழையில் நனைந்த இலைகள், உயர் அலைவரிசை அலைகளைக் கணிசமாக உறிஞ்சும். உங்களுடையது கேபிள் இணைப்பு என்பதால் இலைகளை அகற்றினாலும் உங்கள் காணொளிக் கூட்டம் ஒரு நொடிகூடத் தெளிவடையாது.

அடுத்து, காரின் மேல் படியும் பிசின். அது பெரும்பாலும் பிசினே அன்று. இலையின் அடிப்பக்கத்தில் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும் அசுவினி, செதில் பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர் அது. ஃபுளோயத்தில் ஓடும் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் ஆக்கத் தேவையான அமினோ அமிலங்களோ குறைவு. தேவையான அளவு அமினோ அமிலம் கிடைக்க வேண்டுமானால் அந்தச் சின்னஞ்சிறு பூச்சி அளவுக்கு மீறிச் சாற்றைக் குடித்தாக வேண்டும். மிஞ்சும் சர்க்கரை நீரை வெளியே விட்டாக வேண்டும். அதுவே நுண்துளிகளாக உங்கள் கார்க் கண்ணாடியில் விழுகிறது. அதன் மேல் பிறகு கரும்பூசணம் பிடிப்பதால்தான் பிசுபிசுப்போடு அழுக்கு நிறமும் வருகிறது.

இதைச் சோதிப்பது எளிது. கைக்கெட்டும் இலை ஒன்றைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அல்லது அடிமரத்தில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். அந்த இனிப்புக்காக எறும்புகள் அசுவினிகளைக் காவல் காக்கின்றன, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டியும் விடுகின்றன. எறும்பின் வழியை அடைத்தால் பொறிவண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு அடிமரத்தில் துணி அல்லது காகிதப் பட்டையைச் சுற்றி, அதன் மேல் ஒட்டும் பசையைத் தடவலாம். பசையை நேரடியாக மரப்பட்டையில் தடவ வேண்டாம், சுற்றிய துணியையோ காகிதத்தையோ சில வாரங்களுக்கு ஒருமுறை தளர்த்திக் கட்ட மறக்கவும் வேண்டாம், கம்பிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் மிகுதியாகப் போட்டால் இளந்தளிர் பெருகி, அசுவினியும் பெருகும். பூச்சிக்கொல்லி அடித்தால் பொறிவண்டும் சேர்ந்து மடியும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. காரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினால் சர்க்கரை கரைந்து போய்விடும். வெயிலில் காய்ந்து இறுகுவதற்கு முன் கழுவுவது நல்லது.

சருகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலை தானாக உதிர்வதில்லை, மரம் அதை உதிர்க்கிறது. உதிர்க்குமுன் அதிலிருந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பெருமளவு கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்பின் அடியில் ஒரு பிரிபடலத்தை உண்டாக்கி, காயத்தை உட்புறமாக மூடிவிட்டுத்தான் விடுகிறது. குழாயின் வாயில் கம்பிவலை ஒன்றைப் பொருத்தி, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டால் உங்கள் குறை தீர்ந்தது. அள்ளிய சருகைக் குப்பையில் போடாமல் மரத்தடியிலேயே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. மண்ணின் ஈரம் நிற்கும், மிச்சமிருக்கும் சத்தும் மண்ணுக்கே போகும்.

பறவைகள் விடியுமுன் பாடுவது இயல்பு. ஆனால் சன்னலுக்கருகில் தெருவிளக்கோ வெளிவாசல் விளக்கோ இரவு முழுவதும் எரிகிறதா என்று கவனியுங்கள். செயற்கை வெளிச்சம் படும் இடங்களில் சில பறவையினங்கள் வழக்கத்துக்கு முன்னதாகவே பாடத் தொடங்குவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. விளக்கொளி படும் கிளைகளில் இலை உதிர்வதும் தள்ளிப்போகும். வெளிவாசல் விளக்கு உங்களுடையதாக இருந்தால், கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி ஒரு மறைப்பைப் பொருத்திப் பாருங்கள்.

இனி உச்சியைக் கழிக்கும் யோசனை. என் தொழிலில் நான் பார்த்த சேதங்களில் மிகுதியானவை நல்ல எண்ணத்தோடு செய்த இந்த ஒரு வேலையால் வந்தவை. உச்சியைச் சமமாக வெட்டிவிட்டால் மரம் தனக்கு உணவு சமைக்கும் இலைகளைப் பெருமளவு இழக்கிறது. அதை ஈடுகட்ட, வெட்டிய இடத்துக்குக் கீழே உறங்கிக்கிடந்த மொட்டுகளிலிருந்து அவசரமாகக் குச்சிகளைக் கொத்தாக விடுகிறது. இயல்பான கிளை அடிமரத்தின் கட்டையோடு ஆண்டுக்காண்டு பின்னிப் பிணைந்து வளர்வது. இந்தக் குச்சிகளோ வெளி அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு வேகமாக உயர்பவை. சில ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டிவிடும், ஆனால் பிடிமானம் மட்டும் பழைய அளவில் இருக்காது. புயலில் முறிந்து விழுபவை அவைதாம். பாதுகாப்புக்கென்று செய்தது ஆபத்தாக முடிகிறது.

வெட்டிய இடமும் ஆறுவதில்லை. நம் தோலில் காயம் ஆறுவதைப் போல மரத்தில் ஆறும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தைக் குணமாக்குவதில்லை, அதைச் சுவரெழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். 1977இல் அவரும் உடன் பணியாற்றியவரும் வெளியிட்ட விளக்கத்தில் இப்படி நான்கு சுவர்கள் வருகின்றன: மேலும் கீழும் பரவாமல் தடுக்க ஒன்று, உள்ளே போகாமல் தடுக்க ஒன்று, பக்கவாட்டில் பரவாமல் தடுக்க ஒன்று, காயத்துக்குப் பின் கேம்பியம் உண்டாக்கும் புதிய கட்டையைக் காக்க ஒன்று. நான்காவதுதான் மிக உறுதியானது. அழுகல் பழைய கட்டைக்குள் அடைபட்டுக் கிடக்க, மரம் வெளியே புதிதாக வளர்ந்துகொண்டே போகிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அந்த வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டினால் இந்தச் சுவர்கள் எளிதில் எழும்பும். கிளையின் நடுவில் வெட்டி, மிச்சத்தை நீட்டிக்கொண்டிருக்க விட்டாலோ வளையத்தையும் சேர்த்துச் சீவிவிட்டாலோ எழும்பாது. காயத்துக்குத் தாரோ பெயிண்டோ பூசுவதாலும் பொதுவாகப் பயன் இல்லை. எனவே ஏதாவது ஒரு கிளை கூரையில் உரசினால் அந்தக் கிளையை மட்டும், வளையம் பார்த்து வெட்டத் தெரிந்தவரை வைத்து எடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னொன்றையும் சொல்லலாம். வேரில் போதிய ஈரம் இருந்தால் பெரிய மரம் ஒன்று கோடை நாளொன்றில் நூறு லிட்டருக்கு மேலும் நீரை இலைகள் வழியாக ஆவியாக்கக்கூடியது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. நூறு லிட்டருக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 67 கிலோவாட் மணி. அந்த வெப்பம் முழுவதும் இலைகளிலிருந்தும் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நிழலை இதில் நான் சேர்க்கவே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மரத்தைப் பார்த்தால் மனம் ஆறுவதைப் பற்றிக் கற்பனையா என்று நீங்கள் ஐயப்பட்டதுதான் எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. நல்லது செய்கிற ஒன்றை நாம் நம்பத் தயங்குகிறோம், எரிச்சல் தருகிறவற்றை மட்டும் உடனே நம்பிவிடுகிறோம். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், 1972 முதல் 1981 வரை பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்த, வயதிலும் பிறவற்றிலும் அவர்களை ஒத்த 23 பேரையும் இணைகளாக ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் வெளியான இந்த ஆய்வு சிறியது, ஒரே ஒரு மருத்துவமனையைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இது சொல்வதும் உங்கள் மேசையில் நடப்பதும் ஒரே திசையில் இருக்கின்றன.

ஏன் இப்படி என்பதற்கு, ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன் என்ற உளவியலாளர்கள் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கடவுச்சொல்லை நினைவுகூர்வது, படிவத்தில் எந்தக் கட்டம் சிவப்பாக இருக்கிறது என்று தேடுவது போன்றவற்றுக்கு நாம் வலிந்து கவனத்தைக் குவிக்க வேண்டும். அந்த ஆற்றல் களைத்துப் போகும், களைத்தால் எரிச்சல் வரும். ஆடும் இலையும் நகரும் நிழலும் கவனத்தை மெல்ல ஈர்க்கின்றனவே தவிர, எதையும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் களைத்த கவனம் இளைப்பாறிக்கொள்கிறது. கண்ணுக்கும் இது பொருந்தும்: திரையை அருகில் பார்க்க இறுகியிருக்கும் உள்தசை, தொலைவிலுள்ள கிளையைப் பார்க்கும்போது தளர்கிறது. உங்கள் திரை நாள் முழுவதும் உங்களிடம் பதில் கேட்கிறது; அந்த மரம் உங்களிடம் கேட்பது எதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருக்க நேர்ந்தால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, ஒரே ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து அதன் நுனிவரை கண்ணால் நடந்து பாருங்கள். மொட்டு, பழைய இலை விழுந்த வடு, ஏறிப்போகும் எறும்பு என்று பார்க்கப் பார்க்கப் பெருகும்.

எந்த மரத்தையும் வெட்டவே கூடாது என்று சொல்பவன் நான் இல்லை. அடிமரத்தின் தூரில் காளான் முளைத்தாலோ, நேற்றுவரை நேராக நின்ற மரம் சாயத் தொடங்கி, சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம் மண் விரிசல் விட்டு எழும்பினாலோ, பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் பிளவு தெரிந்தாலோ, ஒரு பக்கத்துக் கிளைகள் பட்டுப்போய் நின்றாலோ தாமதிக்காமல் மரம் பரிசோதிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வெட்டச் சொன்னால், உள்ளூர் விதிகள் கேட்கும் அனுமதியைப் பெற்று வெட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

கம்பியை அகற்றுகிற நாளில் ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். மரத்தின் பருமனை உலகெங்கும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் அளக்கிறார்கள். பிறகு கம்பி இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலேயும் ஒரு சாண் கீழேயும் தனித்தனியாக அளந்து, மூன்று எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். சரியாக ஓராண்டு கழித்து அதே இடங்களில் மீண்டும் அளந்து பாருங்கள். கம்பிக்குக் கீழே இருக்கும் பகுதியும் பருத்திருந்தால் உணவு மறுபடியும் வேருக்கு இறங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள், பெரிய மரத்தை ஒருவராகச் சுற்றி அளப்பது கடினம்.

அன்புடன்,
உங்கள் மர ஆலோசகர்